கேப் டவுன் முதல் நைரோபி வரை: தரைவழிப் பயணத்துக்கு ஒரு கைவிளக்கம்

தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் புறப்பட்டு நமீபியா, பொட்ஸ்வானா, சாம்பியா, தான்சானியா வழியாகக் கென்யத் தலைநகர் நைரோபிக்குத் தரைவழியே போய்ச் சேர்வது பெயர்பெற்ற நெடும்பயணங்களில் ஒன்று. ஆறுதலாகப் போனால் ஏழெட்டு வாரங்கள் பிடிக்கும். பல்கலைக்கழகம் முடித்த எமது பிள்ளைகள் இதற்குப் புறப்படுவது இப்போது புதினமல்ல. பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போக விரும்புவோரும் உண்டு. வழிகாட்டி நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை பலம் வாய்ந்த கடவுச்சீட்டு உள்ளவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆகவே நாம் ஆவணங்களிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரே வீட்டில் மூன்று வகை ஆவணங்கள் இருப்பது எம்மிடையே வழமை. பிள்ளைகளிடம் பிரித்தானிய அல்லது கனேடியக் கடவுச்சீட்டு, தாயிடம் இலங்கைக் கடவுச்சீட்டு, தந்தையிடம் 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் கீழான அகதிப் பயண ஆவணம். பிள்ளைகள் தென்னாபிரிக்காவில் விசா இன்றி 90 நாட்கள் வரை தங்கலாம். தாய் தந்தைக்கு முன்கூட்டியே விசா வேண்டும். அட்டையின் மூலையில் இரண்டு சாய்கோடுகள் போட்ட அந்த அகதி ஆவணத்தை எல்லா நாடுகளும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. எல்லையில் நிற்கும் இளம் அதிகாரி அதை முன்பு கண்டிராதவராகவும் இருக்கலாம். ஒவ்வொரு நாட்டின் தூதரகத்திடமும் எழுத்தில் பதில் வாங்கி, அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

விமானத்தில் ஒரு நாட்டுக்குப் போனால் ஒரு குடிவரவுச் சாளரம்தான். தரைவழியில் ஐந்தாறு. ஓரிடத்தில் மறிக்கப்பட்டால், நீங்கள் சற்று முன் வெளியேறிய நாட்டின் ஒற்றைநுழைவு விசாவும் முடிந்துபோயிருக்கும். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் திரும்ப முடியாது. கூடக் காசு போனாலும் பல்நுழைவு விசா கேளுங்கள் என்பது அதனால்தான். வதியும் நாட்டுக்குத் திரும்பி நுழையும் உரிமை எந்தத் திகதிவரை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எமது பெயரமைப்பு. தந்தையின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராகப் பதியப்படுவதால் தந்தை, தாய், பிள்ளை மூவரின் கடவுச்சீட்டிலும் மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருக்கலாம். சிறுவர் கடத்தலைத் தடுப்பதில் கண்டிப்பான தென்னாபிரிக்கா போன்ற நாடுகளில் இது கேள்விக்கு இடம் கொடுக்கும். பெற்றோர் இருவரின் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழின் முழுப் பிரதியும், ஒருவர் மட்டும் கூட்டிச் சென்றால் மற்றவரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

சாம்பியா, சிம்பாப்வே இரண்டுக்கும் பொதுவான காசா விசா 50 டொலர். எல்லா நாட்டவருக்கும் அது கிடைக்காது. கென்யா, உகண்டா, ருவாண்டா மூன்றுக்குமான கிழக்காபிரிக்கச் சுற்றுலா விசா 100 டொலர், 90 நாட்கள். தான்சானியா அதில் சேராது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்டுப் பத்து நாட்களுக்குப் பிறகே செல்லுபடியாகும், அதன் பின் ஆயுள் முழுதும் போதும். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். மலாவி ஏரியில் குளிப்பவர்களுக்கு நத்தைகள் மூலம் பரவும் பில்ஹார்சியா தொற்றலாம். வீடு திரும்பியதும் பரிசோதிப்பது நல்லது.

பயணிகள் பலர் இருபது பேரளவில் ஏற்றும், உருமாற்றிய லொறிகளில் போகிறார்கள். கூடாரம் அடிப்பதும் சமைப்பதும் முறைவைத்து எல்லோருக்கும் உரிய வேலை. சொந்தமாக ஓட்டுவோர், வாடகை வாகனத்தை எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். இந்த ஆறு நாடுகளிலும் வாகனம் இடப்பக்கம்தான் ஓடும், ஊரைப் போலவே. இரவில் ஓட்டாதீர்கள், விளக்கில்லாத லொறியும் மாடும் யானையும் ஒரே வீதியில்தான்.

பொட்ஸ்வானாவிலிருந்து சாம்பியாவுக்குள் நுழையும் கசுங்குலாவில் முன்பு மிதவைப் படகுதான். லொறிகள் நாட்கணக்கில் காத்துக் கிடக்கும். 2021 மே மாதம் 923 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அது வளைந்து போவது அழகுக்காக அல்ல, சிம்பாப்வேயின் எல்லைக்குள் கால் வைக்காமல் இருக்க. அங்கிருந்து கிழக்கே, விக்டோரியா அருவிக்கு அண்மையில் லிவிங்ஸ்டன் நகரம். 108 மீற்றர் உயரமான அந்த அருவியை இங்குள்ள மக்கள் இடிமுழங்கும் புகை என்று பொருள்படும் மோசி ஓஆ துன்யா என்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாம் சொல்வது டசாரா ரயிலைத்தான். 1965இல் ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, கடலில்லாத சாம்பியாவின் செம்பு துறைமுகம் போகும் வழி ஆபத்துக்குள்ளானது. கென்னத் கவுண்டாவும் ஜூலியஸ் நியரேரேயும் வடக்கே ஒரு பாதை தேடினார்கள். மேற்கு நாடுகள் இலாபமில்லை என்று கைவிரிக்க, சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கபிரி ம்போஷியிலிருந்து டார் எஸ் சலாம் வரையான 1,860 கிலோமீற்றர் பாதை 1970இல் தொடங்கி 1975இல் முடிந்தது. ரயில் பிந்துவது வழமை, பயணிகள் சேவை சில காலம் நின்றும் போகிறது. ஓடுகிறதா என்று விசாரித்தே திட்டமிடுங்கள். ஓடாவிட்டால் வீதி இருக்கிறது. அது மிக்குமி தேசிய வனத்தின் நடுவாகவே செல்வதால் பஸ் யன்னலிலிருந்தே ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம்.

தான்சானியாவின் ரூபிஜி ஆற்றுப் பகுதியில் பனை நிற்கிறது. எமது பனையின் ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம், நடுமரம் பருத்திருக்கும். சாப்பாட்டிலும் அந்நியம் குறைவு. சாம்பியாவின் ன்ஷிமா, தான்சானியாவின் உகாலி இரண்டும் சோளமாக் களிதான். கிழக்காபிரிக்காவில் கூழாகக் குடிக்கும் விம்பி எமது குரக்கனே. அந்தத் தானியத்தின் பிறப்பிடமும் கிழக்காபிரிக்க மலைநாடுதான். மரக்கறி உண்போருக்கு அவரைக்கறியும் சப்பாத்தியும் தாராளமாகக் கிடைக்கும்.

அருஷாவிலிருந்து நமங்கா எல்லைக்கு வந்தால் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்துவிட்டன. அம்மா கட்டித்தந்த மிளகாய்த்தூளைச் சொப்பிங் பையில் கொண்டுபோகாமல், புறப்படும்போதே மூடியுள்ள போத்தலில் போட்டுக்கொள்ளுங்கள்.