ஜிமி ஹென்ட்ரிக்ஸ்

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் (நவம்பர் 27, 1942 – செப்டம்பர் 18, 1970) அமெரிக்க ராக் இசைக் கலைஞர். மின்கிதார் வாசிப்பின் போக்கை மாற்றியவர். அவர் புகழுடன் மேடையேறியது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே.

இளமை

சியாட்டில் நகரில் பிறந்த இவர், இசைக்குறியீடுகளைப் படிக்கக் கற்றதில்லை. ப்ளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே பழகினார். இடக்கையர் ஆதலால், வலக்கையருக்கான கிதாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். 1961இல் தரைப்படையில் சேர்ந்து மறு ஆண்டே வெளியேறினார். பின்னர் லிட்டில் ரிச்சர்ட் உள்ளிட்ட பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார்.

புகழ்

1966இல் நியூயார்க்கில் இவரது வாசிப்பைக் கேட்ட இசைக் கலைஞர் சாஸ் சாண்ட்லர், லண்டனுக்கு அழைத்துச் சென்றார். தாய்நாடு கவனிக்காத கலைஞரை இங்கிலாந்து முதலில் கொண்டாடியது. 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டரே விழாவில் தம் கிதாருக்குத் தீ வைத்தபோது அமெரிக்காவும் திரும்பிப் பார்த்தது.

அந்தத் தீயைவிட அவர் எழுப்பிய ஒலியே முக்கியமானது. மின்கிதாரை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுசென்றால், வெளிவரும் ஒலியே தந்திகளை மறுபடி அதிரச் செய்து ஊளையிடும். பலர் தவிர்க்க முயன்ற அந்த இரைச்சலை இவர் இசையாக்கினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1969இல், வுட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க நாட்டுப்பண்ணை வாசித்தார்; இடையிடையே குண்டுவீச்சு போன்ற ஒலிகளை எழுப்பினார். சொல் ஒன்றும் இல்லாத அந்த வாசிப்பைப் போருக்கு எதிரான குரலாகவே பலர் கேட்டனர்.

மறைவு

1970 ஆகஸ்டில் நியூயார்க்கில் தமது ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். அடுத்த மாதமே, தூக்க மாத்திரை மிகுந்த நிலையில் மூச்சடைத்து லண்டனில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. வாழ்நாளில் வெளிவந்த ஸ்டூடியோ இசைத்தொகுப்புகள் மூன்று மட்டுமே.