கொல்லைப்புற வழியே இரு கணவாய்கள்

இத்தாலியின் வட எல்லையை ஒட்டி, 1,225 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழும் மலையூர் போர்மியோ. சைக்கிளோடு இங்கே வந்து இறங்குகிறவர் முதல் நாள் காலையிலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வடக்கே திரும்பினால் ஸ்டெல்வியோ கணவாய். தென்கிழக்கே திரும்பினால் காவியா கணவாய். முன்னது 2,757 மீட்டர். பின்னது 2,621 மீட்டர். இரண்டும் ஒரே தேசியப் பூங்காவுக்குள் அடங்குபவை. இரண்டையும் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். இரண்டுக்கும் பெயர் வாங்கித் தந்தது இத்தாலியைச் சுற்றிவரும் ஜிரோ சைக்கிள் பந்தயம். இரட்டைப் பிள்ளைகளைப் போலத் தோன்றும் இந்த இரு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வேறுபாடு நாம் தேடும் இடத்தில் இருக்காது, ஒற்றுமையும் அப்படித்தான்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். போர்மியோவிலிருந்து ஸ்டெல்வியோவுக்கு 21.5 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 7.1 சதவீதம். காவியாவுக்கு 25.6 கிலோமீட்டர், சராசரி 5.5 சதவீதம். தாளில் பார்த்தால் காவியா சாது. ஆனால் அந்தச் சராசரியை இரண்டாக உடைத்துப் பாருங்கள். சான்டா கத்தரினா என்ற சிற்றூர் வரையிலான முதல் 12 கிலோமீட்டரில் சாலை 500 மீட்டர்தான் உயர்கிறது. எஞ்சிய பதின்மூன்று சொச்சம் கிலோமீட்டரில் ஏறத்தாழ 880 மீட்டர் உயர்ந்தாக வேண்டும். அதிலும் கணவாயை நெருங்கும் கடைசிப் பகுதி தணிந்து கிடப்பதால், நடுவில் உள்ள சில கிலோமீட்டர்கள் எல்லாப் பாக்கியையும் சேர்த்து வசூலிக்கின்றன. ஸ்டெல்வியோ அப்படி இல்லை. அது கேட்பதை முதலிலேயே கேட்டுவிடும். பிறகும் ஏறக்குறைய அதையே கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் குணபேதத்துக்குக் காரணம் சாலையைப் போட்டவர்கள். ஸ்டெல்வியோ ஒரு பேரரசின் சாலை. 1815-இல் லொம்பார்தி தன் கைக்கு வந்ததும், அதைத் தன் பழைய நிலங்களோடு இணைக்க ஆஸ்திரியா விரும்பியது. பொறியாளர் கார்லோ தொனேகானியின் திட்டப்படி 1820-க்கும் 1825-க்கும் இடையே வேலை முடிந்தது. குதிரை வண்டியும் பீரங்கியும் ஏற வேண்டிய பாதை என்பதால் சரிவைச் சீராகப் பங்கிட்டு, மலையை மடித்து மடித்துக் கொண்டை ஊசி வளைவுகளாக்கினார் அவர். அன்று குதிரையின் மூச்சுக்காக வகுத்த அளவு இன்று சைக்கிள்காரரின் மூச்சுக்கும் பொருந்திப்போகிறது. ஒரு கியரைத் தேர்ந்துகொண்டால் நெடுந்தூரம் அதிலேயே போகலாம்.

காவியாவுக்கு அத்தகைய சிற்பி யாரும் இல்லை. பழைய மலைத்தடம் ஒன்று முதல் உலகப் போரின்போது படைகளின் தேவைக்காக விரிந்தது. போர்முனைக்குச் சரக்குப் போனால் போதும் என்று அவசரத்தில் வெட்டிய வழி. மலை எங்கே இடம் கொடுத்ததோ அங்கே ஏறுகிறது, எங்கே மறுத்ததோ அங்கே செங்குத்தாகிறது. பல இடங்களில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம். 1954-இல் படைவீரர்களை ஏற்றிவந்த ஒரு லாரி இங்கே பள்ளத்தில் விழுந்ததை மலைவாசிகள் இன்னும் மறக்கவில்லை. ஸ்டெல்வியோவில் சாலை மலைக்கு விதி சொல்கிறது. காவியாவில் மலை சாலைக்கு விதி சொல்கிறது. ஆனாலும் இரண்டுமே ராணுவம் பெற்ற பிள்ளைகள் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இனி ஏறிப் பார்க்கலாம். ஸ்டெல்வியோ பாதை ஊரைவிட்டுச் சில கிலோமீட்டரிலேயே பழைய வெந்நீர் ஊற்றுகளைக் கடந்து பிராவுலியோ பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. நிழல் சீக்கிரமே விடைபெறும். அப்புறம் சாம்பல் நிறப் பாறைதான். குறுகலான சுரங்கங்கள் சில வரும். வெயிலிலிருந்து உள்ளே புகுந்த கணத்தில் கண் இருட்டும். கூரையிலிருந்து சொட்டும் நீர் பிடரியில் விழும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் ஓசை பத்து மடங்காகிக் காதை நிறைக்கும். பின்விளக்கைப் போட்டுக்கொண்டு கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது ஒன்றே வழி. வெளியே வந்து நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில் ஸ்பொன்டாலுங்கா வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

காவியா பாதையோ ஃப்ரொதோல்ஃபோ ஆற்றின் கரையோடு ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. சான்டா கத்தரினாவுக்கு மேல் ஊசியிலைக் காடு. வளைவுகள் அதற்குள் ஒளிந்திருப்பதால் எத்தனை மிச்சம் என்று எண்ண முடியாது. காட்டைத் தாண்டினால் திறந்த புல்வெளி, பெர்னி விடுதி, பிறகு ஜூன் மாதத்திலும் பனிக்கட்டி மிதக்கக்கூடிய வெள்ளை ஏரி. ஒரு வழியில் வரப்போகும் துன்பம் முழுவதும் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. மற்றதில் அது வளைவுக்கு வளைவு அவிழ்கிறது. எது கடினம் என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது.

உச்சிகளும் அப்படியே. ஸ்டெல்வியோவின் தலையில் ஒரு சந்தை நடக்கிறது: விடுதிகள், நினைவுப்பொருள் கடைகள், வறுத்த தொத்திறைச்சியின் புகை. காவியாவின் தலையில் ஒரு விடுதி, காற்று, ஏரி; அவ்வளவுதான். மறுபுறம் இறங்கினால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஸ்டெல்வியோவுக்கு அப்பால் பெயர்ப்பலகைகளில் ஜெர்மன் மொழி ஏறிக்கொள்கிறது. காவியாவுக்கு அப்பாலும் அதே லொம்பார்தி, அதே இத்தாலியன். தண்ணீரும் இதையே சொல்கிறது. காவியாவின் இருபுறமும் வழியும் நீர், அத்தா வழியாகவும் ஒல்யோ வழியாகவும் போய்க் கடைசியில் போ ஆற்றில் கலந்துவிடும். ஸ்டெல்வியோவின் மறுபுற நீர் மட்டும் அதீஜே ஆற்றில் சேர்ந்து தனியாகவே ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. ஒரு கணவாய் பிரிப்பதற்காக இருக்கிறது. மற்றது ஒரே வீட்டின் இரு அறைகளுக்கு நடுவிலுள்ள நிலைப்படி.

இத்தனை தூரம் விலகிப்போன இரண்டும் எங்கே சந்திக்கின்றன? நாம் எதிர்பாராத ஓரிடத்தில். போர்மியோவிலிருந்து ஏறுகிறவர் இரண்டு மலைகளிலும் கொல்லைப்புறம் வழியாகவே நுழைகிறார். படங்களில் நாம் காணும் ஸ்டெல்வியோ, எண் பொறித்த 48 வளைவுகள் கொண்ட, மறுபுறத்துப் பிராட்டோ ஊர்ப் பக்கத்து ஸ்டெல்வியோ. கதைகளில் நாம் கேட்கும் காவியா, 16 சதவீதம் வரை செங்குத்தாகும், மறுபுறத்துப் பொன்டே டி லென்யோ ஊர்ப் பக்கத்துக் காவியா. இரண்டின் முகமும் அந்தப் பக்கம். போர்மியோவுக்கு வாய்த்தது இரண்டின் முதுகு. அந்த 48 வளைவுகளையும் போர்மியோக்காரர் உச்சிக்குப் போன பிறகு, ஒரு வேடிக்கையாகக் கீழே பார்க்கிறார்.

பந்தய வரலாறு இதை உறுதிசெய்கிறது. 1953 ஜூன் 1 அன்று ஜிரோ முதன்முறையாக ஸ்டெல்வியோவைக் கடந்தது. ஃபௌஸ்டோ கொப்பி பிராட்டோ பக்கம் ஏறி, ஹூகோ கோப்லெட்டைப் பின்தள்ளி, போர்மியோவில் இறங்கி வென்றார். அந்த ஆண்டின் ஜிரோவையும் வென்றார். ஆண்டுதோறும் பந்தயத்தின் மிக உயர்ந்த இடத்துக்கு 1965 முதல் அவர் பெயரே வழங்குகிறது. காவியா முதன்முறை வந்தது 1960-இல். உச்சியை முதலில் தொட்டவர் இமெரியோ மாசின்யான். இறக்கத்தில் டயர் பஞ்சராகி அவர் தவிக்க, போர்மியோவில் வென்றவர் சார்லி கௌல். 1988 ஜூன் 5 அன்று அதே காவியாவில், மண் சாலையின் மீது பனி கொட்டியது. அரைக்கைச் சட்டையோடு முதலில் உச்சியைத் தாண்டிய யோஹான் வான் டெர் வெல்டே இறக்கத்தில் குளிரில் விறைத்து ஒதுங்கி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்தித்தான் ஊர் வந்து சேர்ந்தார். போர்மியோவில் எரிக் ப்ரூகிங்க் வென்றார். இரண்டாவதாக வந்த ஆன்டி ஹாம்ப்ஸ்டன் முன்னிலை வீரருக்குரிய இளஞ்சிவப்பு ஜெர்சியை அணிந்து, ஜிரோவை வென்ற முதல் அமெரிக்கரானார். அன்று காலையிலேயே அவர் அணியினர் பனிச்சறுக்குக் கடைகளில் கையுறைகளை வாங்கி வைத்திருந்தார்கள்.

மூன்று கதைகளும் போர்மியோவில் முடிகின்றன. மூன்றும் அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்கிய கதைகள். விதிவிலக்கு உண்டு: 2012-இல் தாமஸ் டி கெண்ட் போர்மியோ வழியாக ஏறி ஸ்டெல்வியோ உச்சியில் வென்றார். 2014-இல் காவியாவிலிருந்து போர்மியோவுக்கு இறங்கிய வீரர்கள் அதே நாளில் ஸ்டெல்வியோவில் இங்கிருந்தே ஏறினார்கள். அப்போதும் பெரும் சச்சரவு எழுந்தது ஸ்டெல்வியோவின் இறக்கத்தைப் பற்றித்தான். ஏற்றம் வலிமையைக் கேட்கிறது. இறக்கம் உடம்பில் எஞ்சியிருக்கும் சூட்டைக் கேட்கிறது. நாம் நிமிடத்துக்கு நிமிடம் மிதித்து ஏறும் இந்த இரு சாலைகளும் நாயகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, மிதிக்காமல் கடந்த சாலைகள். அவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோனது நமக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் நீள்கிறது.

ஆகவே எதை முதலில் ஏறுவது? சீரான உழைப்பில் இன்பம் காண்பவருக்கு ஸ்டெல்வியோ. கூட்டத்துக்கு அஞ்சுபவருக்குக் காவியா. கால அவகாசம் இருப்பவர் காவியாவை முதல் நாள் வைத்துக்கொள்வது நல்லது; அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. மேலே பொன்னெட்டா விடுதியில் சூடாக ஏதேனும் குடித்துவிட்டு, பழைய பந்தயக்காரர்களைப் போலச் சட்டைக்குள் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொண்டு இறங்கினாலும், ஊருக்குள் வரும்போது விரல்கள் பிரேக்கின் வளைவிலேயே உறைந்திருக்கும். அவற்றை விரிக்க வெந்நீர் வேண்டும். போர்மியோவின் பழைய வெந்நீர்க் குளியலறைகளோ காவியா பக்கம் இல்லை. சைக்கிளை வடக்கே திருப்பி, ஸ்டெல்வியோ சாலையின் முதல் சில கிலோமீட்டர்களை அன்று மாலையே ஏறியாக வேண்டும்.