மூடிய வீடும் திறந்த மன்றும்

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து ஆங்கிலத் துப்பறியும் நாவல்களை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டமை புலனாகும். அமைதியான கிராமம், அதில் ஒரு பெரிய வீடு, உட்புறம் பூட்டிய அறையில் ஒரு பிணம், சந்தேகத்துக்குரியோர் ஐவர் அல்லது அறுவர். அகதா கிறிஸ்ரி 1930 இல் வெளியிட்ட நாவலொன்றில் மிஸ் மார்ப்பிள் என்னும் முதியவளை அத்தகைய கிராமம் ஒன்றிலேயே குடியிருத்தினார். ஜோன் டிக்சன் கார் 1935 இல் எழுதிய நாவலில், பூட்டிய அறைக்குள் கொலை நிகழக்கூடிய வழிகளை வகைப்படுத்த ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார்.

இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட போரொன்றின் பின் இவ்விலக்கியம் செழித்தமை தற்செயலானதன்று. காரணம் அறியாது மாண்டவர்களை நினைந்திருந்த சமுதாயத்துக்கு, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணமும் ஒரு குற்றவாளியும் உண்டென்ற உறுதியை அது வழங்கியது. தமிழ் வாசகருக்கும் இது அந்நியமாக இருக்கவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் மேலைநாட்டுக் கதைகளைத் தழுவியும் தாமாகப் புனைந்தும் துப்பறியும் கதையைத் தமிழில் வேரூன்றச் செய்தனர்.

கதையில் மூடிய வீடு அளிக்கும் உறுதியை வரலாறும் அளிக்கின்றதா என்பதே இங்கு எம் வினா. கொழும்பு நகரின் வழக்குகள் இதற்கு விடை தேட உதவுகின்றன. 1933 இல் டஃப் ஹவுஸ் என்னும் இல்லத்தில் ஒரு பெண்மணி குளோரோபோமினால் இறந்தார். கணவர் ஸ்ரீபன் செனிவிரத்தின கொலைக் குற்றவாளியெனக் காணப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பட்டார்; எனினும் 1936 இல் இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆங்கில நாவலாசிரியர் பூட்டிய அறைகளைப் புனைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், கொழும்பின் அறையொன்றுக்குள் நிகழ்ந்ததை நீதிமன்றங்கள் இருவேறு விதமாகக் கண்டன.

இதனினும் விரிவான சான்று பதினெட்டு ஆண்டுகளின் பின் கிடைக்கின்றது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் வடக்கே சென்றால் அடுத்து வருவது பம்பலப்பிட்டி. அங்கு சென்ற் அல்பன்ஸ் பிளேஸ் என்னும் ஒழுங்கையில், 1951 ஒக்டோபர் 9 ஆம் நாள் திருமதி ஆனந்தம் சதாசிவம் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். சடலம் வீட்டின் கராச்சிற் கண்டெடுக்கப்பட்டது. அவர் தம் கணவருக்கெதிராக விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்தார். கணவர் மகாதேவ சதாசிவம், 1947 இல் சென்னையில் 215 ஓட்டங்கள் குவித்த புகழ்மிக்க கிரிக்கெற் வீரர். அவர் கைதாகினார். சில நாட்களுக்கு முன்னரே வேலைக்கமர்ந்த வில்லியம் என்னும் இளம் பணியாளும் பின்னர் கைதாகினான். சந்தேகம் இவ்விருவருடன் நின்றது. நாவலாசிரியர் ஐவரையோ அறுவரையோ வைத்துக் கட்டும் வட்டத்தை வாழ்க்கை இருவரைக் கொண்டே கட்டிவிட்டது.

இருவரையும் பிரித்தது கடிகாரமே. அன்று காலை 10.30 மணியளவில் கணவர் வாடகைக் காரொன்றில் வீட்டைவிட்டுச் சென்றார். சாவு அதற்கு முன் நிகழ்ந்ததா, பின் நிகழ்ந்ததா? இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்டமருத்துவப் பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம் உடலின் வெப்பநிலையிலிருந்து நேரத்தைக் கணிக்க முயன்றார். இதன் பொருட்டு, தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்கள் குளிரும் வேகத்தையும் ஆராய்ந்தார். அவரும் சக ஆய்வாளரும் 1955 இல் வெளியிட்ட கட்டுரை அத்துறையில் இன்றும் அறியப்படுவது. எதிரி தரப்பிலோ எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சியமளித்தார். கொலை மாடிப் படுக்கையறையில் நிகழ்ந்ததென்பது வில்லியத்தின் கூற்று. இறந்தவரின் உள்ளங்காலிற் படிந்திருந்த அழுக்கு, சமையலறையையே சுட்டுகிறதென எதிரி தரப்பு வாதிட்டது. அறிவியலும் ஒரே குரலிற் பேசவில்லை.

வில்லியத்துக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கி, அவனை அரச தரப்பு தன் சாட்சியாக்கியது. கொலைக்கு உடந்தையாயிருந்தேன் என்றவனின் சொல்லே வழக்கின் தூணாயிற்று. 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் உடந்தையாளன் சாட்சியத்தை ஏற்க இடமளிக்கின்றது. எனினும் வேறு சான்றால் உறுதிப்படாவிடின் அதனை நம்பத்தகாததென ஊகிக்கவும் இடமளிக்கின்றது. டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வா எதிர்வாதத்தை இதன்மேலேயே எழுப்பினார். நீதியரசர் கிறேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் நடந்த விளக்கத்தின் முடிவில், 1953 யூன் 25 இல், யூரர்கள் ஏகமனதாக எதிரியை விடுவித்தனர். அவர் அதுவரை இருபது மாதங்கள் மறியலில் இருந்தார்.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. அமெரிக்க நாவலாசிரியர் வான் டைன் 1928 இல் வகுத்த விதிகளுள் ஒன்று, பணியாளைக் குற்றவாளியாக்குதல் ஆகாதென்பது. அது மிக எளிதான விடை என்பது அவர் கருத்து. இவ்விதி பணியாளுக்குக் காட்டிய மதிப்பன்று. அவனைப் புதிரில் இடம்பெறத் தகுதியற்றவனெனத் தள்ளியதே. கொழும்பு மன்றிலோ கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞனொருவன் ஒரு தரப்பினருக்குச் சாட்சியாகவும் மறு தரப்பினருக்குக் கொலையாளியாகவும் தோன்றினான். அவன் கொலைக்காக விளக்கப்படவில்லை. ஆதலின் கணவரைக் குறித்துச் சட்டம் 'குற்றவாளியல்லர்' என்றது. பணியாளைக் குறித்து அது எதனையும் கூறவில்லை. அவ்விடைவெளியை நாம் நம் ஊகத்தால் நிரப்புதல் நீதியாகாது.

நாவலின் இறுதி அத்தியாயம் 'யார் செய்தது?' என்பதற்கு விடை கூறுகின்றது. நீதிமன்றம் அவ்வினாவைக் கேட்பதில்லை. 'இவர் செய்தமை நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிறுவப்பட்டதா?' என்பதே அதன் வினா. தூக்குமரம் காத்திருந்த காலத்தில் அவ்வேறுபாடு ஓர் உயிரின் விலையுடையது. விடை கிடைக்காமையைக் குறையெனக் கருதுவோர், தவறான விடை கிடைத்திருப்பின் அதனை மீளப்பெற வழியிராதென்பதை எண்ணுதல் வேண்டும்.

ஆயினும் இதற்கும் ஒரு விலையுண்டு. வழக்கு இன்றும் கணவரின் பெயராலேயே வழங்குகின்றது. வீரரின் துடுப்பாட்டமும் வழக்கறிஞரின் நாவன்மையும் பேராசிரியர்களின் வெப்பமானியும் பேசப்படுகின்றன. மணவாழ்விலிருந்து சட்டத்தின் வழியே வெளியேற முயன்ற ஒரு தாய், அம்முயற்சி நிறைவெய்துமுன் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார் என்பது அப்பேச்சினுள் அமிழ்ந்துபோகின்றது. துப்பறியும் நாவலிற் பிணம் புதிரின் தொடக்கம் மட்டுமே. வரலாறு எழுதுவோர் அப்பழக்கத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. கொன்றவர் யாரென்பதை மன்று நிறுவாது விடலாம். இறந்தவர் யாரென்பது முதல் நாளிலிருந்தே ஐயமின்றி நிறுவப்பட்டிருந்தது.