இளையோரும் இசையும்

நாம் வாழும் மௌலா அலிக்கு அடையாளம் அதன் குன்று. உச்சியில் தர்கா விளங்குகின்றது. அடிவாரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் உளது. அங்கே உறங்குபவர் மாஹ் லகா பாய் சந்தா. 1768இல் பிறந்து 1824இல் மறைந்த இவ்வம்மையார், நிசாம்களின் அவையில் பாடகியாகவும் உருதுக் கவிஞராகவும் புகழ் பெற்றவர். தம் அன்னைக்கென எழுப்பிய நினைவிடத்திலேயே தாமும் அடக்கமானார். இளமையிலேயே இசை பயின்ற அவர், பின்னாளில் சிறுமியர் பலரைத் தம் ஆதரவில் வைத்து இசையும் ஆடலும் பயிற்றுவித்தார்.

அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1767இல், திருவாரூரில் தியாகராசர் பிறந்தார். காவிரிக் கரையில் வாழ்ந்து தெலுங்கில் பாடினார் அப்பெரியார். தெலுங்கு நாட்டில் வாழ்ந்து தமிழைக் காக்க முயல்கின்றோம் நாம். அவருடைய கீர்த்தனைகளின் பொருளை நம் பாட்டிமார் பிறரைக் கேட்டு அறிந்தனர். இங்குப் பள்ளியில் தெலுங்கு பயிலும் நம் பிள்ளைகளோ தாமே உணர்கின்றனர். இசைக்கு நாட்டெல்லை இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்நாளில் இசை வேண்டுமெனில் குருவை நாட வேண்டும். அன்றேல் கோயிலுக்கோ அரசவைக்கோ செல்லுதல் வேண்டும். எளிய வீட்டுச் சிறுவனை இசை தானே தேடி வந்தது வானொலியின் வருகைக்குப் பின்னரே. ஐதராபாத்தின் தக்காண வானொலி 1950இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. அவ்வாண்டே இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கிற்று. 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்கள் சுவையைக் கெடுக்கும் என்று கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் அருகிற்று. சாத்திரிய இசைக்கு இடம் பெருகிற்று.

விளைந்தது யாது? இளையோர் திரைப்பாடலை மறந்தனரா? இல்லை. முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தனர்! சிற்றலையில் பாட்டு மங்கும்; மீண்டும் எழும். அந்த இரைச்சலுக்கு இடையிலும் தம் பெயர் வாசிக்கப்படுமா என்று செவி சாய்த்துக் காத்திருந்தனர். விரும்பிய பாட்டைக் கேட்டு எழுதிய அஞ்சலட்டைகள் கடல் கடந்து சென்றன. இறுதியில் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தோன்றியது. திரைப்பாடல் நம் நாட்டு வானொலிக்கே திரும்பிற்று. இளையோரின் செவியை ஆணையால் அடைக்க இயலாது என்பதே வரலாறு தரும் பாடம்.

அந்நாளில் வானொலி வைத்திருக்க உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். எல்லா வீட்டிலும் பெட்டி இராது. ஒரு வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதைத் திண்ணையிலும் வாயிலிலும் நின்று பலர் கேட்பர். "பாட்டுக் கேட்டால் படிப்புக் கெடும்" என்று தந்தை கடிந்துகொள்வார். ஆயினும் அடுத்த பாட்டிற்கு அவரே தாளம் போடுவார். தந்தையும் மகனும் பூசலிட்டனர். ஆனால் ஒரே பாட்டைக் கேட்டுப் பூசலிட்டனர்.

பின்னர் ஒலிநாடா வந்தது. ஊருக்குச் சென்று திரும்புவோர் பெட்டியில் ஊறுகாயோடு ஒலிநாடாக்களும் வந்தன. 1976இல் ‘அன்னக்கிளி’யின் வழியே இளையராசா அறிமுகமானார். 1992இல் ‘ரோஜா’வின் வழியே ஏ. ஆர். ரகுமான் வந்தார். ‘ரோஜா’வின் பாடல்கள் தெலுங்கிலும் இந்தியிலும் ஒலித்தபோது, பள்ளித் தோழர்கள் அவற்றைத் தத்தம் மொழியில் பாடினர். "இது முதலில் எங்கள் மொழியில் பிறந்த பாட்டு" என்று நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து கூறினர். தமிழ்நாட்டிலேயே வளரும் பிள்ளைக்கு அவ்வாறு கூறும் தேவையே எழுவதில்லை. புலம்பெயர்ந்தார் வீட்டில் இசை செய்யும் அரும்பணி இதுவே.

இன்று இசை செல்பேசியில் அடங்கிவிட்டது. பதினைந்து வயதுச் சிறுவன் பேருந்தில் கேட்கின்றான், படிக்கும்போது கேட்கின்றான், உறங்கும்போதும் கேட்கின்றான். அவன் செவியில் ஒலிப்பது யாதென அருகிலிருக்கும் அன்னைக்குத் தெரியாது. முன்னாளில் கூடத்தில் நிறைந்த இசை இப்போது ஒரு செவிக்குள் ஒடுங்கிவிட்டது. இதற்குப் பிள்ளையை மட்டும் குறை கூறுதல் நன்றன்று. நாமும் நம் செல்பேசியில் நம் பாட்டைத் தனியே கேட்கின்றோம் அல்லவா?

நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவர். அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டே பாடநூல்; அதில் வரும் சொல்லே அகராதி. ‘அந்தி’ என்றால் என்ன, ‘நாணல்’ என்றால் என்ன என்று பிள்ளை கேட்பது பெரும்பாலும் ஒரு பாட்டைக் கேட்ட பின்னரே. அக்கேள்விக்கு விடை கூற அருகில் ஒருவர் இல்லையேல், அச்சொல் அவ்வீட்டில் அன்றோடு மறையும்.

ஆதலின், அன்பர்களே, கருவியைப் பறிக்க வேண்டா. வாரத்தில் ஒரு மாலை அதைக் கூடத்தின் நடுவே வைப்போம். பிள்ளை ஒரு பாட்டைத் தரட்டும். நாம் ஒரு பாட்டைத் தருவோம். அவன் பாட்டை முகம் சுளிக்காமல் நாம் கேட்டால், நம் பாட்டைப் பொறுமையோடு அவனும் கேட்பான். சிறுமியரை அருகமர்த்தி இசை பயிற்றிய ஓர் அம்மையாரின் குன்றடியில் வாழும் நமக்கு இது அரிதாகுமோ?