பச்சை உடம்பும் பச்சைப் பிள்ளையும்: நம்ம பக்கத்து நாற்பது நாள் வரலாறு



மலருக்குக் கட்டுரை கேட்டு நிர்வாகிகள் வந்தபோது, சேமிப்பு, சுழல் நிதி, வங்கிக் கடன் பற்றி நிறைய பேர் எழுதுவாங்க, நான் வேற ஒண்ணு எழுதுறேன் என்று சொன்னேன். பிள்ளை பிறந்த முதல் நாற்பது நாளை நம்ம ஜெயமங்கலம், மேல்மங்கலம், வடுகபட்டி பக்கத்துப் பெண்கள் எப்படிக் கடந்து வந்தார்கள் என்பதுதான் அது. அணை கட்டினது, ரோடு போட்டது எல்லாம் ஏட்டில் இருக்கு. இது எந்த ஏட்டிலும் முழுசா இல்லை. ஆனால் நம்ம குழுக்களில் இருக்கிற ஒவ்வொருத்தியும் இதைக் கடந்து வந்தவள், அல்லது மகளுக்கும் மருமகளுக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

மருத்துவச்சி காலம்

என் அம்மாச்சி காலத்தில் பிள்ளைப்பேறு வீட்டில்தான். வலி எடுத்ததும் மருத்துவச்சியைக் கூட்டி வர ஆள் ஓடும். அந்த அம்மா ராத்திரி, மழை பார்க்காமல் வருவார். பிள்ளையை எடுத்து, கொடி அறுத்து, நஞ்சு விழும் வரை காத்திருந்து, குளிப்பாட்டி, அடுத்த நாட்களிலும் வந்து தாய்க்கு வெந்நீர் ஊற்றி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போவார். கூலி நெல்லும் வெற்றிலை பாக்கும் ஒரு சேலையும். ஊரில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை அறுத்த கை அது. ஆனாலும் அவரை வீட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்தவர்கள் குறைவு. இதையும் வரலாற்றில் சேர்த்து எழுதத்தான் வேண்டும்.

மருத்துவச்சிக்குக் கைப்பழக்கம் இருந்தது. கிருமி என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொடி அறுக்க வீட்டில் கிடைத்த கத்தி அல்லது அரிவாள். அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பது பல ஊர்களில் வழக்கம். அதில் வரும் ரண ஜன்னி பிள்ளையை ஒரு வாரம், பத்து நாளுக்குள் பிடிக்கும். முதலில் நல்லாப் பால் குடித்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், உடம்பு வில்லாக வளையும். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று விபூதி போட்டார்கள். பிறகுதான் கர்ப்பிணிக்கு ரண ஜன்னித் தடுப்பூசியும், புது பிளேடும், சுத்தமான நூலும் வந்தன. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-ல்தான் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. நாம் சாதாரணமாகக் கையைக் காட்டிப் போட்டுக்கொண்ட ஊசிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது.

பத்தியமும் ஓய்வும்

பெரியவர்கள் செய்தது எல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரியை முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பியது, அடுப்படிப் பக்கம் விடாமல் வைத்தது, கண்டவர் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று சொன்னது எல்லாம் அறிவுள்ள ஏற்பாடு. தீட்டு என்று பேர் வைத்தார்கள். பேர் நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் அந்தப் பேரில்தான் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வும், பிள்ளைக்கு வெளியாள் நோய் தொற்றாமல் ஒரு வேலியும் கிடைத்தது. வடுகபட்டிச் சந்தைப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு, முருங்கைக் கீரை, பால் சுறாப் புட்டு, சுக்கும் திப்பிலியும் சேர்த்த பிள்ளை பெத்த மருந்து. நல்லாச் சாப்பிட்டால்தான் தாய்க்கு உடம்பு தேறும்.

தப்பும் கூடவே இருந்தது. தண்ணி குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று நாக்கு வறண்டு கிடந்தாலும் ஒரு மடக்குக்கு மேல் தரமாட்டார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் கூடுதலாக எடுக்கும், அவள் கேட்கிற தண்ணியைக் கொடுக்க வேண்டும். பிறந்த உடனே வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டினார்கள். அதற்குப் பதிலாகச் சீனித் தண்ணியைத் தொட்டுச் சேனை வைத்தார்கள். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பி, ஊரில் நல்ல பேர் எடுத்தவரைத் தேடிக் கூட்டி வந்தார்கள். நம்பிக்கை அழகானதுதான். ஆனால் அந்தச் சீம்பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. அதைக் கொட்டிவிட்டு யார் விரலில் இருந்தோ சீனித் தண்ணி தருவது, காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு வாசலைத் திறந்து வைக்கிற மாதிரி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த நாற்பது நாள் ஓய்வு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. நிலம் உள்ள வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன கூலிக்காரப் பெண், ஒரு மாசம் முடியும் முன்னே வரப்பு மரத்தில் சேலைத் தொட்டில் கட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். பால் கட்டிக்கொண்டு மாரில் வலி தெறிக்க, நட்டு முடித்துக் கரையேறும் வரை பிள்ளை அழுகையைக் கேட்டுக்கொண்டே நட்டாள். ஆலை, தோட்டம் என்று வேலை பார்க்கிறவர்களுக்கு 1961-லேயே பேறுகாலச் சட்டம் வந்தது. 2017-ல் சம்பளத்தோடு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. வயல்காட்டுக் கூலிக்காரிக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. அவளுக்கு வந்தது டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பேரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டம். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, டாக்டருக்குப் படித்து, 1927-ல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் போன முதல் பெண் அவர். 1980-களில் சின்னத் தொகையாகத் தொடங்கிய உதவி 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 என்று ஆனது. இது தானம் இல்லை. கூலிக்காரப் பெண் இழக்கிற கூலிக்கு ஈடு. அப்படித்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பேசத் தயங்கும் பக்கம்

இந்த வரலாற்றில் நமக்குத் தலை குனிவான ஒரு பக்கம் உண்டு. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலை நடப்பதை 1986-ல் ஒரு ஆங்கில இதழ் வெளியிட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அப்போது நம்ம தேனிப் பகுதியும் மதுரை மாவட்டத்தோடுதான் இருந்தது. நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளை பிறந்த முதல் வாரமே, பிறந்தது பெண் என்றால், சில வீடுகளில் உயிருக்குத் தப்ப வேண்டிய வாரமாக இருந்தது. வரதட்சணைப் பயம், மூணாவதும் பெண் என்ற பேச்சு, வீட்டு ஆண்களின் முறைப்பு. செய்யச் சொன்னவர் ஒருத்தர், பழி சுமந்தது தாயும் பாட்டியும் மருத்துவச்சியும். நம்ம அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1994-ல் எடுத்த 'கருத்தம்மா' படம் அந்தக் கதையைத்தான் சொன்னது. கொட்டகையில் அதைப் பார்த்துப் பெண்கள் அழுத அழுகை வேறு மாதிரியான அழுகை.

1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-ல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் வந்தது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. தொட்டில் பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் பெற்றவளே வளர்க்கிற தைரியத்தைத் தொட்டிலால் தர முடியாது. அந்தத் தைரியம் கையில் காசும், பக்கத்தில் நாலு பெண்ணும் இருந்தால்தான் வரும். 1989-ல் தருமபுரியில் அரும்பிய மகளிர் குழுக்கள் 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் பரவியதை நான் இப்படித்தான் பார்க்கிறேன். 'பொட்டப் பிள்ளையா?' என்று மூஞ்சியைச் சுருக்கின மாமியாரும், அடுத்த வாரம் அதே குழுவில் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அது சின்ன மாற்றம் இல்லை.

நர்சம்மாவின் வருகை

1980-ல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தது. மூணு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் குறித்தார்கள். சத்துமாவு தயாரிக்க உள்ளூர்ப் பெண்களையே குழுவாகச் சேர்த்தார்கள். நம்ம குழுக்களுக்கு ஒரு வகையில் அது அக்கா முறை.

கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக வந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரியும் பிரசவம் பார்க்க நர்சுகள் இருந்தார்கள். 2008-ல் 108 வண்டி ஓடத் தொடங்கியது. 2011 முதல் அரசு மருத்துவமனையில் பிரசவச் செலவும், பிறந்த பிள்ளைக்கு முதல் முப்பது நாள் வைத்தியமும், திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுவதும் இலவசம். பெரியகுளம் அரசு மருத்துவமனை, க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று போக இடமும் இருக்கிறது. 1971-ல் தமிழ்நாட்டில் ஆயிரம் பிள்ளை பிறந்தால் ஒரு வயசுக்குள் 113 பிள்ளைகள் இறந்தன. 2020 கணக்கில் அது 13.

ஆஸ்பத்திரி மட்டும் இதைச் செய்யவில்லை. மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்ற காட்டு மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்க வைத்தார்கள். மூணாவது வருஷத்தில் பச்சைப் பிள்ளைச் சாவு 62 சதவீதம் குறைந்தது. 1999-ல் அதை உலகத்துக்கு எழுதிக் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் 2011-ல் நாடு முழுக்க 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்கும் முறை வந்தது. அதே மாதிரி, கொலம்பியா நாட்டில் 1978-ல் எடை குறைந்த பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் கட்டி வைத்துக் காப்பாற்றிய முறைதான் இன்று நம்ம அரசு ஆஸ்பத்திரிகளில் 'கங்காரு' முறை. நம்ம அம்மாச்சி பிள்ளையை மடிக்குள் பொத்தி வைத்ததும் அந்த அறிவுதான்.

இப்போது எது குறைகிறது?

இன்றைக்குத் தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். ஏறக்குறைய 45 சதவீதம் ஆபரேஷன். பிள்ளை பிழைக்கிறது. ஆனால் தையல் வலியோடு வீட்டுக்கு வருகிறவளைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. அம்மா கூலிக்கோ கம்பெனிக்கோ போகிறாள், மாமியார் நூறு நாள் வேலையில் இருக்கிறாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பிள்ளை அழும். பால் பத்தலை என்று யாராவது சொல்லி, டப்பாப் பால் வாங்கிவிடுகிறார்கள். டப்பாப் பாலுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ல் சட்டமே இருக்கிறது. இருந்தும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. அடிக்கடி மாரில் போட்டால்தான் பால் ஊறும். பிள்ளை நாள் முழுக்க ஆறு தரத்துக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

மனசு ஒன்று இருக்கிறது. பிள்ளை பெற்ற மூணு நாலு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானாகச் சரியாகும். ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, பிள்ளை மேல் ஆசையே வரவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால் அது வியாதி, வைத்தியம் உண்டு. 'திமிரு', 'பேய் பிடிச்சிருக்கு' என்று சொன்ன காலம் போகட்டும். 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமாக இழுத்தால், நெஞ்சு உள்வாங்கினால், உடம்பு சில்லிட்டாலோ கொதித்தாலோ, வெட்டு வந்தால், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினால், தொப்புளில் சீழ் வந்தால், மந்திரிக்கப் போக வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108.

நம்ம கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

குழுக்கள் வந்த காலத்தில், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்று விதி போட்டோம். அந்த ஒழுங்குதான் நம்மை வளர்த்தது. ஆனால் பிள்ளை பெற்று இருபது நாளான பெண், தவணைக்கும் கையெழுத்துக்கும் பயந்து துணி சுற்றின பிள்ளையோடு வெயிலில் நடந்து வந்ததைச் சில குழுக்களில் நான் பார்த்திருக்கிறேன். யார் மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. விதி போட்டபோது இது யார் நினைவிலும் இல்லை.

மருத்துவச்சி போய்விட்டார், கூட்டுக் குடும்பமும் குறைந்துவிட்டது. அந்த இடத்தில் நிற்க நம்மால்தான் முடியும். அதனால் மூன்று தீர்மானம் கேட்கிறேன். ஒன்று, பிரசவமான உறுப்பினருக்கு மூணு மாசம் கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் வேண்டாம், தவணையைத் தள்ளிப் போட வங்கியிடம் கூட்டமைப்பே பேசட்டும். ரெண்டு, நாற்பது நாளும் முறை வைத்து ஒரு உறுப்பினர் ஒரு மணி நேரம் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு தாயைத் தூங்க விடட்டும். மூணு, பெண் பிறந்த வீட்டுக்கு நாம் எல்லாரும் சேர்ந்து, சீனியோடு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு போவோம்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் நாலு வரி போதும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.