வெட்டிய கையே நட்ட காடு

ஆனைமலையில் உள்ள டாப்சிலிப்பில் 1800களில் நடந்தது பெரும்பாலும் மர அறுவடைதான். பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கும், பிறகு ரயில் பாதைக் கட்டைகளுக்குமாக ஆனைமலைத் தேக்கை வெட்டி, யானைகளால் இழுத்து, மலை உச்சியிலிருந்து சரிவில் சறுக்கவிட்டார்கள். நடுவது பற்றி யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கம் நிலம்பூரில், மலபார் கலெக்டர் கானலியும் அவரிடம் பணிபுரிந்த சாத்து மேனனும் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனைமலைக்கு அந்த அறிவு வர 1915 வாக்கில் வனத்துறை அதிகாரி ஹியூகோ வுட் வர வேண்டியிருந்தது. கைத்தடியால் மண்ணில் குத்தி, சட்டைப்பையிலிருந்து தேக்கு விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வனத்துறையில் வேலை பார்த்த எனக்கு அந்தக் கதையைவிட அவர் போட்ட கணக்குதான் பெரிது. எந்தக் கூப்பில், அதாவது எந்த வெட்டுப் பகுதியில், எப்போது வெட்டுவது, வெட்டிய இடத்தை எத்தனை காலம் தொடாமல் விடுவது என்று வரையறுத்தார். கரும்புக்கு மறுதாம்பு விடுவதுபோல, அடிக்கட்டையை விட்டு வெட்டி, அதிலிருந்து துளிர்க்கும் குருத்தை மரமாக்கினார்.

புதிதாக நடுவதும் எளிதல்ல. தேக்கு விதை லேசில் முளைக்காது. ஓடு அவ்வளவு கெட்டி. இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, இப்படிப் பல நாள் மாற்றி மாற்றிச் செய்தால்தான் ஓடு இளகும். கன்று பாத்தியில் ஒரு வருடம் வளர்ந்ததும் பிடுங்கி, தண்டில் ஓர் அங்குலம் விட்டு நறுக்கி, பக்க வேர்களைச் சீவிவிடுவோம். கட்டைவிரல் தடிமனில் காய்ந்த குச்சிபோலக் கிடக்கும். கடப்பாரையால் குழி போட்டு, அதைச் செருகி, காற்று புகாமல் மண்ணை மிதித்துவிட்டால், மழை விழுந்ததும் துளிர்விடும்.

வுட் 1933இல் இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடியே, டாப்சிலிப்பில் தேக்குகளின் நடுவே அடக்கம் செய்தார்கள். தேக்கு நடக் குழி போட்ட காடர், யானை ஓட்டிய மலசர் என்ற பழங்குடிகளை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. அவர்கள் உழைப்பையும் சேர்த்து எழுதாத தேக்கு வரலாறு அரைகுறையானது.

இன்று அந்தக் காடு புலிகள் காப்பகம், கோடரி ஓய்ந்துவிட்டது. ஆனால் தோட்டத்தில் தேக்கு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு, எப்போது வெட்டுவது என்ற அந்தப் பாடம் இன்னும் வேண்டும். நெருக்கி நட்டுவிட்டு, இடையிலுள்ள மரங்களை வெட்டிக் கலைக்க மனம் வராமல் எல்லா மரத்தையும் ஒல்லிக்குச்சியாக்கிவிடுகிறார்கள். நாலைந்து வயதில் முதல் கலைப்பைச் செய்துவிடுங்கள். மிச்ச மரம் பருக்கும்.