பச்சையாகிப் போன தடாகம்: புதிதாக நீச்சல் தடாகம் வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

கார்ஹிங்கில் நாங்கள் குடிவந்த வீட்டின் பின்வளவில் முன்னிருந்தவர்கள் ஒரு வட்டமான நீச்சல் தடாகத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஐந்து மீற்றர் விட்டம். ஒக்ரோபரில் மூடிய மூடியை மே மாதத்தில் திறந்தபோது உள்ளே இருந்தது தண்ணீரா, கீரைக்கறியா என்று சொல்ல முடியாத நிலை. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பா தொலைபேசியில் சொன்ன ஆலோசனை ஒரு வரிதான். “இறைச்சுவிட்டுக் கழுவுங்கோவன், இதுக்கெல்லாம் யோசிக்கிறதே?”

எங்களில் அனேகமானோருக்கு முதலில் தோன்றுவதும் அதுதான். ஊரில் கிணறு பாசி பிடித்தால் மிசின் வைத்துக் கலக்கி இறைப்போம், உள்சுவரைத் தேய்ப்போம், அடுத்தநாள் ஊற்று வந்து கிணறு நிரம்பிவிடும். வெள்ளம் வந்து வடிந்தால் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டுவிட்டுப் போவார். ஆனால் தடாகத்துக்கு ஊற்று இல்லை. அதில் போட்டது எல்லாம், மருந்தானாலும் அழுக்கானாலும், நாங்கள் வெளியே எடுக்கும்வரை அதற்குள்ளேயேதான் கிடக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் இலகு.

இறைத்துவிட வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. மியூனிச் சமவெளி முழுவதும் சரளைக்கல் படிந்த நிலம். நகருக்கு வடக்கே, கார்ஹிங் பக்கமாக வர வர நிலத்தடி நீர் மேலே வந்துவிடுகிறது. நிலத்துக்குள் புதைத்துக் கட்டிய தடாகத்தை இப்படியான இடத்தில் வெறுமையாக்கினால், கீழிருந்து நீர் தள்ளி அடித்தளத்தைத் தூக்கிவிடக்கூடும். நிலத்துக்கு மேலே நிற்கும் தடாகத்துக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் உள்ளே விரித்திருக்கும் பிளாஸ்ரிக் விரிப்பு, தண்ணீர்ப் பாரம் போனவுடன் சுருங்கி இடம் மாறிவிடும். எங்கள் தடாகத்தில் 1.1 மீற்றர் உயரத்துக்கு நீர் நின்றது. 2.5 × 2.5 × 3.14 × 1.1 என்று பெருக்கினால் 21.6 கன மீற்றர், அதாவது 21,600 லீற்றர். அவ்வளவையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டாலும், சுவரில் பாசி ஒட்டியிருந்தால் வெயில் நாட்களில் திரும்பவும் பச்சைதான்.

இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். தடாகத்தின் கொள்ளளவு தெரியாமல் மருந்து போடுவது, உலை எவ்வளவு என்று தெரியாமல் உப்புப் போடுவது போல.

அடுத்தது, பச்சை என்ன பச்சை என்று பார்க்க வேண்டும். கலங்கிய பச்சை என்றால் பாசி. அடி தெரியும் தெளிவான பச்சை, அதுவும் குளோரின் போட்ட உடனேயே வந்தது என்றால், அது பெரும்பாலும் செம்பு. சில பாசிநாசினிகளில் செம்பு இருக்கிறது. ஊரில் துருசு என்று சொல்வோமே, அதன் உறவு. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பொன்னிற முடி தடாகத்தில் பச்சையாவதற்கும் இதே செம்புதான் காரணம். எங்கள் பிள்ளைகளின் கருமுடியில் தெரியாது என்பதற்காக அது தண்ணீரில் இல்லை என்று அர்த்தமல்ல. கிணற்று நீரை விட்டு நிரப்பியவர்களுக்கு இரும்பினால் கபில நிறமும் வரலாம். உலோகத்துக்கு மேலும் மேலும் குளோரின் போட்டால் நிறம் கூடுமே தவிரக் குறையாது.

எங்களுடையது பாசிதான். வலைக்கரண்டியால் இலை குழைகளை அள்ளினோம். அள்ளும்போது இரண்டு தவளைகளும் வந்தன. ஜேர்மனியில் இயற்கையாக வாழும் தவளை, தேரை எல்லாம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. மருந்து போட முன்னர் அவற்றைப் பத்திரமாக வெளியே விட வேண்டும். வாற்பேத்தைகள் நிறைய இருந்தால் மாவட்ட இயற்கைப் பாதுகாப்புப் பிரிவிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

பிறகுதான் சோதனை. நிறம் மாறும் கடதாசித் துண்டைவிட, குளிசை போட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி நம்பகமானது. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிகக் கூடுதலாக இருந்தால் சோதனை நிறமே வெளுத்துப்போய், குளோரின் இல்லை என்பது போலக் காட்டும். இதை அறியாமல் திரும்பத் திரும்பக் கொட்டியவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் தடாக நீரில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு குழாய் நீர் கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்.

முதலில் சீர்செய்ய வேண்டியது குளோரினை அல்ல, பி.எச். அளவை. பெரும்பாலான புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. குளோரின் நீரில் கரைந்ததும் இரண்டு வடிவங்களில் இருக்கும். கிருமியையும் பாசியையும் கொல்லும் வடிவம் ஒன்று, ஏறக்குறையச் சோம்பிக் கிடக்கும் வடிவம் மற்றது. பி.எச். 7.2 இல் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யும் வடிவத்தில் இருக்கிறது. 7.5 இல் பாதி. 8 இற்கு ஏறிவிட்டால் ஐந்தில் ஒன்று, கூடினால் நான்கில் ஒன்று. காசு கொடுத்து வேண்டிய மருந்தில் முக்கால்வாசி சும்மா நிற்கிறது.

எங்கள் பகுதித் தண்ணீர் சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர். சரளைக்கல் எல்லாம் சுண்ணக்கல். யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. கேத்திலில் வெள்ளையாகப் படியும் அந்தப் படிவு எங்களுக்குப் புதியதல்ல. இப்படியான நீரில் பி.எச். தானாக மேலே ஏறப் பார்க்கும், அதை இறக்குவதற்கும் மருந்து கூடத் தேவைப்படும். எங்களுக்கு 7.8 காட்டியது. பி.எச். குறைக்கும் தூள் 10 கன மீற்றருக்கு 100 கிராம் போட்டால் சுமாராக 0.1 இறங்கும். 7.2 இற்குக் கொண்டுவர 1.3 கிலோ போனது. ஒரேயடியாக அல்ல, மூன்று தடவையாக, இடையில் வடிகட்டியை ஓடவிட்டு.

பிறகு அதிரடிக் குளோரின். இதைப் பொழுதுபட்ட பிறகு போட வேண்டும். சூரிய ஒளி குளோரினைத் தின்றுவிடும். காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்று வைத்தால் எங்கள் தடாகத்துக்கு 216 கிராம் தூய குளோரின். கடைகளில் கிடைக்கும் கல்சியம் ஐப்போகுளோரைட் தூளில் 65 முதல் 70 வீதம்தான் குளோரின் என்பதால், ஏறத்தாழ 320 கிராம் தூள். நீர் கரும்பச்சையாக இருந்தால் அடுத்தநாள் மாலையும் போட நேரும். எங்களுக்கு மூன்று மாலைகள் போட நேர்ந்தது.

தூளா, குளிசையா என்பதிலும் கவனம் வேண்டும். மிதவையில் போடும் 200 கிராம் பெரிய குளிசைகளில் சயனூரிக் அமிலம் சேர்ந்திருக்கிறது. வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது அதன் வேலை; கொஞ்சம் இருந்தால் நல்லது. ஆனால் குளோரின் செலவாகிப் போனாலும் அது போகாது. எங்கள் அளவுத் தடாகத்தில் ஒரு குளிசை லீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராமைச் சேர்க்கும்; பத்துக் குளிசை போட்ட கோடை முடிவில் 50. அந்த அளவுக்கு மேல் போனால் குளோரின் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடும். சோதனையில் குளோரின் நன்றாகக் காட்ட, தண்ணீர் மட்டும் பச்சையாகிக்கொண்டே போகும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இதற்கு மருந்து கிடையாது. தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதிது விடுவதுதான் வழி. இந்த ஒரு விடயத்தில் பெரியப்பா சொன்னது பாதி சரி.

இங்கே அவதானமாக இருங்கள். தூள் குளோரினையும் குளிசைக் குளோரினையும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது, தீப்பற்றி வெடிக்கும். குளோரினும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதை அள்ளவும் வேண்டாம். எப்போதும் வாளித் தண்ணீருக்குள்தான் மருந்தைப் போட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் விட்டுவிட்டு வாருங்கள்.

தெரியாமல் கலப்பதன் விளைவை உலகமே ஒருமுறை பார்த்தது. 2016 ஓகஸ்ட் 9 ஆம் திகதி ரியோ ஒலிம்பிக்கில் பாய்தல் போட்டி நடந்த தடாகம் ஒரே நாளில் பச்சையானது. பக்கத்துத் தடாகமும் பின்னால் தொடர்ந்தது. சில நாட்களுக்கு முன்னர் யாரோ 80 லீற்றர் ஐதரசன் பெரொக்சைட்டை அதில் ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் துப்புரவு மருந்துதான். ஆனால் குளோரினோடு சேர்ந்தபோது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. காவல் இல்லாத நீரில் பாசி வளர்ந்தது. ஒரு தடாகத்தில் இருந்த சுமார் 37 இலட்சம் லீற்றரை வெளியேற்றி வேறு நீர் விட்டார்கள். ஒலிம்பிக்காரருக்கே அப்படி என்றால், கடையில் ‘ஒட்சிசன் முறை’ என்றும் ‘குளோரின் முறை’ என்றும் எழுதிய இரண்டு வாளிகளையும் மலிவு என்று சேர்த்து வாங்கி வந்த எங்களைக் குறை சொல்ல முடியாது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தோம்.

குளோரின் போட்ட பிறகு உடம்பு வேலை. சுவரிலும் ஏணியின் பின்பக்கத்திலும் பாசி வழுவழுப்பான படலமாக ஒட்டியிருக்கும். அதற்குள் மருந்து இறங்காது. தினமும் தூரிகையால் தேய்க்க வேண்டும். வடிகட்டி இரவு பகலாக ஓட வேண்டும். மணல் வடிகட்டியின் அழுத்தமானி, சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 0.2 அல்லது 0.3 பார் கூடினால் பின்கழுவல் செய்யுங்கள். முதல் இரண்டு நாட்களில் நாங்கள் காலை, மாலை இரண்டு தடவையும் செய்தோம். கடதாசி வடிகட்டி என்றால் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் கலந்த பால் நிறத்துக்கு மாறியது. எல்லாம் பிழைத்துவிட்டது என்று பயந்தோம். உண்மையில் அதுதான் நல்ல அறிகுறி. பாசி செத்துவிட்டது, இனி அதன் தூசு மட்டும்தான். திரளவைக்கும் மருந்து போட்டால் தூசு கட்டிபட்டு அடியில் படியும். இது மணல் வடிகட்டி உள்ளவர்களுக்கு மட்டும். கடதாசி வடிகட்டியை அடைத்துவிடும். அடியில் படிந்ததைக் கலக்காமல், மெதுவாக உறிஞ்சி நேரே கழிவுக் குழாய்க்கு விட வேண்டும்.

அந்தக் கழிவு நீரை எங்கே விடுவது? வீதியோரத்து மழைநீர் வடிகாலுக்குள் விடக் கூடாது. அது சுத்திகரிப்பு இல்லாமலே ஓடைக்கோ நிலத்தடி நீருக்கோ போகலாம். குளோரின் மீனைக் கொல்லும். கழிவுநீர்க் குழாய்க்குத்தான் விட வேண்டும். விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதால் நகரசபையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு பாடுபடுவது அழகுக்காக அல்ல. பச்சைத் தண்ணீரில் ஒரு பிள்ளை மூழ்கினால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. 1.1 மீற்றர் என்பது எங்கள் நெஞ்சளவு. நான்கு வயதுப் பிள்ளைக்குத் தலைக்கு மேல். மூழ்கும் பிள்ளை கத்துவதும் இல்லை. எங்கள் தலைமுறையில் பலருக்கு நீச்சல் தெரியாது. கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு வளர்ந்தும், கீரிமலைக் கேணியின் படியில் நின்று தலையில் அள்ளி ஊற்றியதோடு சரி. பிள்ளை விழுந்தால் குதிக்கத் தெரியாத பெற்றோருக்குத் தண்ணீரின் தெளிவுதான் முதல் உதவி. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கடற்குதிரைச் சின்னத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். அது 25 மீற்றர் நீந்தியதற்கானது. 15 நிமிடம் நீந்தி, அதற்குள் குறைந்தது 200 மீற்றர் கடக்கும் வெண்கலச் சின்னம் எடுத்த பிறகே பாதுகாப்பாக நீந்தக் கூடியவர் என்று ஜேர்மன் உயிர்காப்புக் கழகம் கணக்கெடுக்கிறது. அயல்வீட்டுப் பிள்ளை ஏறி விழாமல் தடாகத்தை அடைத்து வைப்பதும் இங்கே சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. நாங்கள் ஏணியைக் கழற்றிக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டுகிறோம்.

ஒரு சுவாரசியமான விடயம். கார்ஹிங்கின் பெயரை உலகத்துக்குச் சொன்னதே ஒரு தடாகம்தான். 1957 ஒக்ரோபர் 31 இல் இங்கே இயங்கத் தொடங்கிய, ஜேர்மனியின் முதலாவது அணு உலை, நீச்சல் தடாக வகையைச் சேர்ந்தது. முட்டை வடிவக் கூரைக்குக் கீழே, திறந்த நீர்த்தொட்டியின் அடியில் அணு எரிபொருள். குளிர்விப்பதும் கதிர்வீச்சைத் தடுப்பதும் அந்தத் தண்ணீரே. 2000 இல் நிறுத்திவிட்டார்கள். ‘அணு முட்டை’ இன்றும் நிற்கிறது, நகரின் இலச்சினையிலும் இருக்கிறது. அந்த நீரைத் தெளிவாக வைத்திருக்க அறிஞர்கள் இருந்தார்கள். எங்களுக்கு ஒரு தூரிகை.

வேலை முடிந்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு. இரவு படுக்கமுன் குளோரினை அளந்து எழுதுங்கள். விடிய வெயில் ஏற முன்னர் திரும்ப அளவுங்கள். லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள் இன்னும் ஏதோ உயிரோடு இருந்து அதைத் தின்கிறது. இன்னொரு மாலை போட வேண்டும்.

எங்களுக்கு ஒன்பதாம் நாள் விடியவே கணக்குச் சரிவந்தது. மகள் இரண்டு யூரோ நாணயம் ஒன்றைத் தூக்கி எறிந்தாள். மூன்று பேரும் விளிம்பில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தோம். அடியில் கழுகுப் பக்கம் மேலே கிடந்தது, சிறகு வரை தெரிந்தது. இறங்கி எடுக்கவா என்று கேட்டாள். குளோரின் இன்னும் 6 காட்டியது. 3 இற்குக் கீழே இறங்கட்டும் என்று சொன்னோம். நாணயம் இன்னும் இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.